வெறும் வயிற்றில் எடுத்த அளவு

வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இஞ்சு டேப்பு அக்காவுக்குத் தெரியாத இடுப்பு கிடையாது. வாக்காளர் பட்டியலில் விட்டுப்போனவர்கள்கூட அவருடைய தையல் நோட்டில் இருந்தார்கள். அதில் பெயர் இருக்காது. ‘மாடிவூட்டு முப்பத்தெட்டு’, ‘சைக்கிள் கடை நாப்பத்திரெண்டு, தொப்பை தனி’ என்றுதான் இருக்கும். கோபம் வந்தால் நடுத்தெருவில் நின்று அதை உரக்க வாசிப்பார். எங்கள் தெருவில் பல சண்டைகள் அந்த பயத்திலேயே ஆரம்பிக்காமல் முடிந்தன.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். குளித்துவிட்டு வரும்போதுகூட ஈரத் தலைக்குக் கீழே டேப்பு தொங்கும். யாரிடமும் முகம் பார்த்துப் பேச மாட்டார், தோள் பார்த்துப் பேசுவார். மாதா கோயில் தெருவில் ஒரு சாவு. எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அக்கா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து சொன்னார்: “தோளு புடிக்குது. இவுரு நாப்பத்தி நாலாச்சே, யாருபா அளவு குடுத்தது?” செத்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டிக்காரரைத் தேடிப் போனான்.

கணவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அவர் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளை இல்லை. அடுத்த வீட்டில் நான். பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன், அதாவது ஒரு இஞ்சை ஒரு முழமாக்கிச் சொன்னால்தான் சோறு இறங்கும் என்கிற ஜாதி. அக்காவின் கதைகளைப் பெருக்கிப் பெருக்கி டீக்கடையில் எத்தனை சிரிப்பு வாங்கியிருப்பேன்!

அந்த வீட்டுக்குத்தான் சந்தியா வந்தாள். வயது ஒன்பது. ஊர் பனித்திட்டுப் பக்கம். அம்மா இறந்து, அப்பா வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பாமல், ஹோமில் இருந்த பெண். தத்து இல்லை, வளர்ப்பதற்கு மட்டும். ஒரு வருஷத்துக்கு என்று குழந்தைகள் நலக் கமிட்டி ஆர்டர் போட்டிருந்தது. வருஷம் முடிந்தால் மறுபடி பார்த்து, நீட்டினால் நீட்டுவார்கள்.

முதல் நாள் அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள். தெருவே பிஸ்கட்டும் பொம்மையுமாகப் போய்க் கெஞ்சியது. வாய் திறக்கவில்லை. அக்கா எதுவும் கெஞ்சவில்லை. டேப்பைக் கழற்றி, “கைய தூக்கு” என்றார். தோள், மார்பு, இடுப்பு, உயரம். அதுவரை யாரோ போட்டுக் கழித்ததையே போட்டு வளர்ந்த பெண்ணை முதல்முறையாக ஒருவர் அளந்தார். அவள் குனிந்து டேப்பில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

“இவ்ளோதானா நானு?”

“இன்னைக்கு இவ்ளோதாண்டி. அடுத்த மாசம் பாக்கலாம்.”

ஸ்கூல் பாவாடையில் அக்கா மூன்று வரிசை மடிப்பு வைத்துத் தைத்தார். வருஷத்துக்கு ஒரு வரிசை பிரித்து இறக்கிக்கொள்ள. இடுப்புக்கு நாடா. அத்தனை துணியையும் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் நடந்தால் ஜன்னல் திரை ஒன்று ஸ்கூலுக்குப் போவது போல இருக்கும். பார்க்க வந்த கமிட்டி ஆபீஸ் பெண் சொன்னாள்: “அக்கா, ஒரு வருஷம்தான் ஆர்டர்.”

“மடிப்பு மூணு வருசத்துக்கு இருக்குது. உங்க பேப்பர்ல மடிச்சித் தைக்க மாட்டீங்களா?”

சந்தியா சோற்றை ஒளித்து வைப்பாள். தலையணைக்கடியில் இட்லி, புத்தகப் பையில் அப்பளம். நாளைக்குக் கிடைக்குமா என்பது அவளுக்கு உறுதியில்லை. திட்டுவார் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா ஒரு மூடி போட்ட டப்பாவைக் கட்டிலுக்கடியில் வைத்தார். “ஒளிக்கிறதுன்னா ஒழுங்கா ஒளி. எறும்பு வருதில்ல? இது ஒன் டப்பா. நான் தொறக்க மாட்டேன்.” தினமும் காலையில் அதில் புதிதாக ஏதோ நிரம்பியிருக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஞாயிறு மதியம் கறிக்குழம்பு கொதிக்கும்போது, வாசல் நிலையில் அவளை நிறுத்தி சாக்பீஸால் கோடு போடுவார். தெருவே மணக்கும், அந்தப் பெண் மூக்கை இழுத்துக்கொண்டு நிற்பாள். “சோறு துன்னுட்டு நிக்கிறேனே” என்பாள். “துன்னா இடுப்பு மாறிடும்டி. வெறும் வயித்துல எடுத்தாதான் அளவு.” தையல்காரரின் நியாயம் அது. கோடு கால் இஞ்சு ஏறியிருந்தால் இருவரும் ஒலிம்பிக் ஜெயித்தது போலக் கத்துவார்கள். வாட்ச்மேன்கூடச் சிரித்ததாகச் சொல்வார்கள், நான் பார்க்கவில்லை.

வருஷம் முடிகிற சமயம், விசாரிக்கக் கமிட்டியிலிருந்து ஒரு மேடம் வந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டுப் போவது வழக்கம். என் வாசலுக்கும் வந்து கேட்டார்: “பொண்ண நல்லா பாத்துக்கறாங்களா சார்?”

‘ஆமாம் மேடம்’ என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் எனக்கு இரண்டு வார்த்தை போதாது.

“பிரமாதமா! ஒண்ணு மட்டும் மேடம். அளவு எடுக்காம அந்த வூட்ல சோறு கெடையாது. போன வாரத்தவுட கோடு ஏறலன்னா அன்னைக்குப் பட்டினிதான்!”

மேடம் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். நம் பேச்சை ஒருவர் எழுதிக்கொள்கிறாரே என்று அதிலும் ஒரு பெருமை.

பிறகு அவர் அக்கா வீட்டுக்குள் போனார். கட்டிலுக்கடியில் டப்பா கிடைத்தது. உள்ளே இரண்டு சப்பாத்தி, ஒரு வாழைப்பழம். ‘எதுக்கும்மா ஒளிச்சு வெச்சிருக்க?’ என்று கேட்டால், சந்தியா வழக்கப்படி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அறிக்கையில் இரண்டே வரி. குழந்தை உயரம் கூடாத நாட்களில் உணவு மறுக்கப்படுவதாக அண்டை வீட்டார் கூறுகிறார். குழந்தை உணவை ஒளித்து வைக்கிறது. என் வரியும் டப்பாவும் பொருத்தித் தைத்தது போல ஒட்டிக்கொண்டன. ஆர்டர் நீளவில்லை.

கமிட்டி ஆபீசுக்கு ஓடினேன். “மேடம், அது சிரிக்கறதுக்குச் சொன்னது.”

“சொன்னது நீங்கதானே சார்?”

“நான்தான். ஆனா...”

“சிரிக்கறதுக்குன்னு போட ஃபார்ம்ல எடம் இல்ல சார்.”

எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பக்கம். என் வாழ்க்கையில் ஒரு பொய்கூடக் கலக்காமல் எழுதியது அதுதான். ‘பரிசீலிக்கப்படும்’ என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னும் பரிசீலித்துக்கொண்டிருப்பார்கள்.

அவளைக் கூட்டிப்போக ஹோமிலிருந்து ஜீப் வந்தது. அக்கா அழவில்லை. பாவாடையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, “இந்த நூலு மட்டும் ஊக்கால எடு. ரெண்டாவத தொடாத, அது அடுத்த வருசத்துது” என்று பாடம் நடத்தினார். சந்தியா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். ஜீப் திரும்பியதும் அக்கா நேராக என்னிடம் வந்தார். டேப்பை விரித்து என் வாய்க்குக் குறுக்கே பிடித்தார்.

“டேப்பு பத்தலபா” என்றார். அவ்வளவுதான். அதன்பின் இரண்டு வருஷம் என்னோடு பேச்சில்லை. நான் ரெடிமேட் சட்டைக்கு மாறினேன். தோள் எனக்கும் சட்டைக்கும் நடுவில் எங்கோ தொங்கியது.

போன மாதம் திருக்கனூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே ஒரு வேனிலிருந்து பெண் பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். நாலாவது சந்தியா. அவளுக்கு என்னைத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியவில்லை. நான் அவள் பாவாடையைத்தான் பார்த்தேன். வெளுத்த நீலத்தில், பிரித்த இடத்தில் வெளுக்காத கோடுகள் இரண்டு. மூன்றாவது மடிப்பு அப்படியே இருந்தது.

பஸ்ஸை விட்டுவிட்டு ஒரு சட்டைத்துணி வாங்கிக்கொண்டு அக்கா வீட்டு வாசல் கடையில் போய் நின்றேன். பேசாமல் அளவெடுத்தார்.

“சந்தியாவ பாத்தேங்க்கா. ஒரு மடிப்பு இன்னும் இருக்குது.”

தோளில் ஓடிய விரல் நின்றது.

“முட்டிக்கு எவ்ளோ கீழ இருக்குது?”

“நல்லா நீளமா, அழகா...”

“ஒன் கதை வேணாம். பாத்தத சொல்லு.”

கண்ணை மூடி யோசித்தேன். “ரெண்டு மடிப்பு பிரிச்சும் முட்டியிலயே நிக்குதுக்கா. கீழ எறங்கல.”

உதடு அசையக் கணக்குப் போட்டார். பிறகு எழுந்து போய், இரண்டு வருஷமாகத் துடைக்காத அந்த வாசல் நிலையில் டேப்பை வைத்து, பழைய கடைசிக் கோட்டுக்கு நாலரை இஞ்சு மேலே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு அதன் எதிரில் கொஞ்ச நேரம் நின்றார், யாரோ நிற்கிற இடத்தைப் பார்ப்பது போல. “துணிய வெச்சிட்டுப் போ” என்றார் திரும்பாமல்.

சட்டை நேற்று வந்தது. தோள் கச்சிதம். சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஐம்பது வயது ஆளின் சட்டைக்கு, உள்ளே ஒன்றரை இஞ்சு மடிப்பு விட்டுத் தைத்திருக்கிறார், இன்னும் வளர்வேன் என்று.