பச்சை அடித்த ஹைட்ரஜன்

பூமியின் சூட்டைத் தணிக்க எத்தனையோ மேதைகள் மாநாடு கூட்டிக் களைத்துப் போயிருக்கிறார்கள். பெயின்ட் டப்பாவைத் திறந்தே காரியத்தை முடித்த பெருமை, அந்த இரும்பாலையின் பராமரிப்பு அதிகாரியைத்தான் சேரும்.

சான்றிதழ் தரும் ஆய்வாளர் வருவதற்குள் ஆலையின் ஹைட்ரஜன் 'பச்சை'யாகிவிட வேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவிட்டிருந்தது. காற்றிலும் வெயிலிலும் எடுத்த மின்சாரத்தால் தயாரித்தால்தான் அதற்கு அந்தப் பெயர். இங்கே மின்சாரம் வந்ததோ பின்பக்கத்து நிலக்கரிக் கொதிகலனிலிருந்து. மேனேஜர் அந்த நுணுக்கங்களில் இறங்கவில்லை.

"குழாய்க்குப் பச்சை அடிச்சிடுங்க" என்றார்.

அதிகாரி தானே நின்று அடித்தார். அடுத்து, கரியமில வாயுவைப் பிடிக்கும் இயந்திரம். அது பிடித்தது, பொய்யில்லை. பிடித்ததை வைக்க இடமில்லாததால், பின்பக்கப் புகைபோக்கி வழியாக உரிய மரியாதையுடன் அனுப்பி வைக்கப்பட்டது. அந்த ஆலையில் பிடித்ததை விடாமல் வைத்திருந்தவர் ஒருவர்தான். காக்கா பிடித்தே பதவிக்கு வந்த மேனேஜர்.

பின்பக்கப் புகை இறங்குவது ஊழியர் குடியிருப்பில். அதிகாரியின் வீடும் அங்கேதான். மகளுக்கு இளைப்பு. மூச்சுக்கு அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், முன்பக்கத்தில் ஒரு வீடு கேட்டு மேனேஜர் அறைக்கு நடையாய் நடந்தார்.

"ஆய்வு நல்லபடியா முடியட்டும். வீடு உங்களுக்குத்தான்" என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தார்.

ஆய்வாளர் வந்தார். குழாயின் நிறத்தை மனதாரப் பாராட்டினார். போகிற போக்கில், பின்பக்கம் புகை வருவதாகக் கேள்விப்பட்டேனே என்றார்.

அதிகாரிக்கு மகளின் முகம்தான் கண்ணில் நின்றது. வாய் மட்டும் சிரித்தது.

"புகையா? என் வீடே பின்னாடிதான் சார். ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல."

ஆலைக்குச் சான்றிதழ் கிடைத்தது. கைதட்டல் ஓய்ந்ததும் அதிகாரி வீட்டுச் சாவி கேட்டுப் போனார். மேனேஜர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"புகைதான் இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. அப்புறம் எதுக்கு வீடு மாத்தணும்?"

வீட்டில் மனைவி, கொடியில் காய்ந்த துணிகளிலிருந்து கரியை உதறிக்கொண்டிருந்தாள். மகள் வாயில் இன்ஹேலரை வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில ஒட்டின பச்சை மண்ணெண்ணெய் போட்டா போயிடும். நீங்க சொன்ன பொய்யில இருக்கிற பச்சை எதைப் போட்டா போகும்?"