கல்யாணி என்பவர் நான்தான்

போன சனிக்கிழமை காலை, இட்லிக்கும் காபிக்கும் நடுவில், நான் ஒரு சரித்திர முடிவு எடுத்தேன். கல்யாணி என்பவர் நான்தான் என்று உலகத்துக்கு அறிவித்துவிடுவது.

உடனே தப்பாக நினைத்துவிடாதீர்கள். என் பெயர் ஜானகிராமன். கல்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்ட். வீடு புதுப்பட்டினத்தில். கல்யாணி என் மனைவி. ஆனால் கலை விமர்சகர் கல்யாணி நான்.

தமிழ்நாட்டில் ஆண்பிள்ளைகள் பெண்டாட்டி பெயரில் எழுதுவது ஒன்றும் புதிதில்லை. பெண்டாட்டி பெயரில் சமைப்பதுதான் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. மற்றவர்கள் ஆசையினால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் வைத்துக்கொண்டது பயத்தினால். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி விமர்சனம் எழுதுவதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கவிஞரைத் திட்டினால் பதிலுக்குக் கவிதை வரும். சிற்பி கையில் சுத்தியல் இருக்கிறது. பெண்பிள்ளை எழுதியது என்றால் அடிக்க வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பத்து வருஷத்துக்கு முன் கல்யாணியிடம் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"அப்ப நானும் அந்தப் பேர்ல எழுதுவேன்."

"உன் பேர்ல நீ எழுத என்னைக் கேக்கணுமா? தாராளமா எழுது."

அந்தத் தாராளத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் எழுதியது ஒரே புத்தகம், 'வெற்றிடத்தின் விலா எலும்பு'. மாமல்லபுரத்துப் புதிய சிற்பங்களை ஒன்று விடாமல் கிழித்திருந்தேன். அவள் எழுதியவை: 'கருவாடு முப்பது விதம்', 'மாடியில் புடலங்காய்', 'பிள்ளைகளைத் திட்டாமல் எழுப்புவது எப்படி'. எல்லாவற்றையும் போட்டவர் செங்கல்பட்டில் ஒரே பதிப்பாளர். 'பல்துறை வித்தகி கல்யாணி' என்று நான்கையும் ஒரே விளம்பரத்தில் போட்டார், நடுவில் அவள் படத்தோடு. கருவாடு ஆறாம் பதிப்பு போய்விட்டது. விலா எலும்பு முதல் பதிப்பிலேயே நின்று சிந்தித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கும் வாசகர் கடிதம் வந்தது. கடப்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். "உங்கள் விலா எலும்பு புத்தகம் வாங்கினேன். ஆட்டு விலாவா, மாட்டு விலாவா என்று கடைசி வரை சொல்லவே இல்லையே அம்மா." இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் சிற்பிகள் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிறு மாலை மாமல்லபுரத்தில் ஆண்டு விழா. 'விலா எலும்பு' எழுதிய கல்யாணிக்குப் பொன்னாடை. அழைப்பை நான்கு முறை படித்தேன். பத்து வருஷமாக ஒளிந்திருந்தவனுக்குத் திடீரென்று வீரம் வந்தது. பொன்னாடை போர்த்துகிறவன் அடிக்கமாட்டான் அல்லவா?

"மேடையில நான்தான் ஏறப்போறேன். கல்யாணி நான்தான்னு சொல்லப்போறேன்" என்றேன்.

"சொல்லுங்க. விலா எலும்பு உங்களோடதுதானே" என்றாள் கல்யாணி, நெத்திலியை ஆய்ந்தபடி.

"அது மட்டும் சொன்னா நல்லா இருக்காது. ஒரு பேருக்கு ரெண்டு ஆள் இருந்தா ஜனங்க குழம்பிடுவாங்க. நாலும் நான் எழுதினதுன்னு சொன்னாத்தான் ஒரு கௌரவம்."

"கருவாடுமா?"

"கருவாடும்."

"புடலங்காய்?"

"அது என்ன, ஒரு கொடிதானே."

"நெத்திலிக் கருவாட்டை எத்தனை தண்ணியில அலசணும்?"

"அதெல்லாம் மேடையில கேக்கமாட்டாங்க."

கல்யாணி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு ஒன்றும் பேசவில்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும், மௌனம் சம்மதம் என்று நான் நினைத்துக்கொண்டேன் பாருங்கள், என்னை விமர்சகன் என்று சொல்லவே கூடாது. நெத்திலியை மூடி வைத்துவிட்டு எதிர்வீட்டு ரெபேக்காளிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். கருவேப்பிலை வாங்கப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். ஜெபக்குமார் நின்றான். ரெபேக்காளின் தம்பி. பிள்ளையாரும் நந்தியும் செய்கிற சிற்பி. முழங்கை வரை கல் தூள். வலது கையில் சுத்தியல். இடது கையில் உளி. அவன் செய்த நந்தியைத்தான் 'புல் தின்று அலுத்த எருமை' என்று பக்கம் நாற்பத்திரண்டில் எழுதியிருந்தேன். அவன் அக்காவைப் பார்க்க வரும் நாட்களில் நான் கொல்லைப்பக்கமாகவே நடமாடுவது வழக்கம்.

"சார், கல்யாணின்ற பேர்ல எழுதறது யாரு?"

"எ... எதுக்குப்பா?"

"என் நந்திய எருமைன்னு எழுதிகீதே, அத்த எழுதுன கை யாரோடதுன்னு தெரியணும். ஊர்ல நீங்கதான்னு பேசிக்கினு கீறாங்க."

என் கண் சுத்தியலை விட்டு நகரவில்லை. நல்ல எடை இருக்கும்.

"நானா? எனக்குக் கல்லுக்கும் காரைக்கும் வித்தியாசமே தெரியாதேப்பா."

பின்னாலிருந்து ரெபேக்காள் எட்டிப் பார்த்தாள். "இன்னா சார், வாரா வாரம் நோட்ட எடுத்துகினு சிற்பக் கூடம் சிற்பக் கூடமா சுத்திகினு இருந்தீங்களே?"

"அது நடைப்பயிற்சிம்மா. டாக்டர் சொன்னார்."

"அப்ப கருவாட்டு புக்கு?"

"அவதான். கருவாடு, புடலங்காய், எல்லாம் அவதான்."

"எருமை?" என்றான் ஜெபக்குமார்.

"எருமையும் அவதான்."

நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கல்யாணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, நிஜமாவா? விலா எலும்புகூட நான் எழுதினதா?"

"நீதான்மா. நல்லா ஞாபகப்படுத்திப் பாரு."

ஜெபக்குமார் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தான். "அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்ருங்க சார்."

'கல்யாணி என்ற பெயரில் வந்த எல்லாப் புத்தகங்களையும் எழுதியவர் என் மனைவியே. எனக்கும் கலைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.' அந்த எழுத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் என்பது இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. அலுவலகப் பழக்கம், கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தேன். சாட்சிக்கு ரெபேக்காளும் போட்டாள்.

ஜெபக்குமார் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு கல்யாணியைக் கும்பிட்டான்.

"அக்கா, நந்தி மூணு வருசமா மழைல நனைஞ்சிகினு கெடந்துச்சு. நீங்க எருமைன்னு எழுதுனத படிச்சிட்டு, எருமைதான் வேணும்னு ரிசார்ட்டுக்காரன் ஒருத்தன் வந்தான். எட்டு எருமை ஆர்டர். பொன்னாடைக்கு சங்கத்துல உங்க பேர சொன்னதே நான்தான்."

நான் கீழே கிடந்ததைக் காட்டினேன். "அப்ப... சுத்தியல்?"

"அம்மி கொத்தணும், உளி சுத்தியோட வான்னு கல்யாணி அக்காதான் சொல்லி அனுப்புச்சு."

"அந்தக் காகிதம்?"

"நாளைக்கு மேடையில வேற எவனாச்சும் ஏறி நான்தான் கல்யாணின்னு சொல்லிட்டா பேஜாரு இல்லியா சார்? அதுவும் அக்கா சொன்னதுதான்."

எங்கள் வீட்டில் அம்மி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு மணி நேரம் கொத்தினான். ஒவ்வோர் அடியும் என் தலையில் விழுந்தது. நாற்பத்திரண்டாம் பக்கத்தை எழுதியவன் நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நிஜமாகவே அழுகை வந்தது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

இரவு கல்யாணி பேனாவையும் நோட்டையும் என் முன்னால் வைத்தாள்.

"ஏற்புரை எழுதிக் குடுங்க. விலா எலும்பு நடையில இருக்கணும். எனக்கு அந்த மாதிரி புரியாம எழுத வராது."

"நான் எதுக்கு எழுதணும்?"

"நாலும் உங்களோடதுன்னு நீங்க சொல்லலாம். நாலும் என்னோடதுன்னு நான் சொன்னா மட்டும் கசக்குதா?"

பேனாவை எடுத்தேன். எழுதினேன். என் பங்கு உலகத்துக்கு ஒரு துளியாவது தெரியட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'என் கணவர் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமே இல்லை.'

ஞாயிறு மாலை முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணி பட்டுப்புடவையும் பொன்னாடையுமாக ஏற்புரையை ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தாள். ஜனங்கள் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்கள். கடைசி வரி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

அவள் காகிதத்தை மடித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "இந்தப் புத்தகம், என் கணவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதியது."