டெஸ்ட்பென் அங்கிளின் மூன்றாவது கேள்வி

பிரிக்பீல்ட்ஸில் கரண்டில் ஓடிய சாமான்கள் அத்தனையும் டெஸ்ட்பென் அங்கிளுக்குப் பயந்துதான் ஓடின. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் அந்தக் காலத்தில் அங்கே குடியிருந்த யாரையாவது கேளுங்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதுமே தானாக ஓட ஆரம்பித்த மிக்ஸிகள் உண்டு.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற, மஞ்சள் கைப்பிடி போட்ட டெஸ்ட்பென் இருக்கும். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அது இல்லாமல் வரமாட்டார். ஒரு கல்யாணத்தில் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட மாப்பிள்ளை பேனா கேட்டார். அங்கிள் பழக்க தோஷத்தில் டெஸ்ட்பென்னை நீட்ட, அந்த மனுஷன் பதற்றத்தில் அதை வைத்துப் பாதிக் கையெழுத்துப் போட்டும் விட்டார்.

முப்பது வருஷம் ரயில்வே சிக்னலில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். எந்த ரிப்பேரானாலும் கை வைப்பதற்கு முன்னால் ஐந்து கேள்வி கேட்பார். பதிலைப் பள்ளிக்கூட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்வார். பக்கத்தின் அடியில் ‘கோளாறு’ என்று ஒரு கட்டம் போட்டிருப்பார். வேலை முடிந்ததும் அதை நிரப்பவேண்டும். அதுவரை ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கமாட்டார். “வண்டி பொறப்படட்டும், அப்பறம் குடிக்கலாம்” என்பார்.

எதிர் வரிசை ஆன்டி வீட்டு ஃபிரிட்ஜ் செத்துப்போன கதையைச் சொல்கிறேன். மூன்றாவது கேள்வி: “நடுவுல யாரு தொட்டா?” ஆன்டி யோசித்து யோசித்து, “மருமகன் ரைஸ் குக்கருக்கு பிளக்கைப் புடுங்குனாரு” என்றார். அங்கிள் பிளக்கைத் திரும்பச் செருகினார். கட்டத்தில் ‘கோளாறு: மருமகன்’ என்று எழுதினார். அந்த மருமகன் ஒரு மாசம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

“மெஷினை நம்பமாட்டேன், மனுஷன் வாயால சொல்றத நம்புவேன். அதையும் நம்பாட்டி அப்பறம் எதை வச்சு வேலை செய்யறது?” என்று அடிக்கடி சொல்வார். அந்தப் பேச்சு இன்றைக்கும் என் காதில் குத்துகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அச்சகத்தில் இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், தீபாவளி வாழ்த்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைவது என் வேலை. கடையிலேயே எல்லாம் பூட்டி, ஸ்டிக்கர் ஒட்டி வந்த ரெடிமேட் கம்ப்யூட்டர் அது. கலரே சரியாகத் தெரியாது. முருகனுடைய மயிலை வரைந்தால் திரையில் காக்கா நிற்கும். முதலாளியிடம் மூக்கால் அழுது ஒரு புதுக் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். அது வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். “கட்டிங் மெஷினுக்கு வை, கதவுக்கு வை, என் நெத்தியில கூட வை. கம்ப்யூட்டர் கிட்ட எவனாச்சும் சந்தனக் கிண்ணத்தோட போனான், அவன் அப்படியே வீட்டுக்குப் போயிடலாம். போன வருஷம் பட்டது போதும்லா.” போன வருஷம் யாரோ ஸ்கேனர் கண்ணாடியில் பொட்டு வைத்துவிட்டார்கள். ஒரு மாசத்துக்கு நாங்கள் அச்சடித்த மணப்பெண்கள் எல்லோருக்கும் கன்னத்தில் ஒரு பொட்டு. இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் கூட.

எனக்கு மனசு கேட்கவில்லை. புதுச் சாமான், அதுவும் பூஜையன்று உள்ளே போகிறது, பொட்டு இல்லாமலா? எல்லோரும் வாசலில் தேங்காய் உடைக்கப் போனபோது கார்டைப் பையிலிருந்து எடுத்தேன். பச்சைப் பலகையின் ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பற்கள் மாதிரி பளபளவென்று இருந்தது. இதைவிட லட்சணமான இடம் ஏது? அங்கேயே மூன்று பொட்டுச் சந்தனம், மேலே குங்குமம். ஈரம் காயும் முன்பே ஸ்லாட்டில் வைத்து ஒரு அழுத்து அழுத்திப் பூட்டிவிட்டேன்.

சுவிட்சைப் போட்டேன். ஒரு நீளச் சத்தம், இரண்டு குட்டைச் சத்தம். திரை கன்னங்கரேல். கார்டைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கித் திரும்பச் செருகினேன். அதே நீளம், அதே இரண்டு குட்டை. கழற்றி வைத்தால் பழையபடி காக்கா வருகிறது. செருகினால் கருப்பு.

மறுநாள் முதலாளி டெஸ்ட்பென் அங்கிளைக் கூட்டிவந்தார். அங்கிள் நோட்டை விரித்தார். முதல் இரண்டு கேள்விக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன்.

“மூணாவது. கார்டை யாரு தொட்டா? மேல எதாச்சும் பட்டுச்சா?”

பக்கத்தில் முதலாளி நிற்கிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. “இல்ல அங்கிள். பையிலேருந்து நேரா உள்ள வச்சேன்.”

‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்ததே ஒரு கூத்து! உடம்பில் உள்ள கரண்டை இறக்கவேண்டும் என்று இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஏழு பேரையும் பிடிக்கச் சொன்னார். தபால்காரர் உள்ளே வந்தவர், எட்டுப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கடிதத்தை வாசல்படியில் வைத்துவிட்டு ஓடிப்போனார். சத்தத்தை எண்ண ஃபேனை நிறுத்தினார், அச்சு மெஷினை நிறுத்தினார். அதுவும் போதாமல் வெளியே கோரேங் பீசாங், அதாவது வாழைப்பழப் பஜ்ஜி, சுடுகிறவரிடம் போய், “அண்ணே, எண்ணெய்ச் சத்தம் பெருசா இருக்கு, அடுப்பைக் கொஞ்சம் கொறைங்க” என்றார். அவரும் குறைத்தார்! அங்கிள் மேல் அவ்வளவு மரியாதை.

ரெடிமேட் கம்ப்யூட்டருக்குப் பவர் பற்றாது என்று தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்து அதன் பவர் சப்ளையைத் தூக்கிவந்தார். நீளம், குட்டை, குட்டை. கம்ப்யூட்டரோடு வந்த பழைய கிராபிக்ஸை நிறுத்துகிற செட்டிங்கை மாற்றினார். நீளம், குட்டை, குட்டை. மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி அரைமணி நேரம் வைத்துவிட்டுப் போட்டார். அதே பாட்டு. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றாகத்தான் மாற்றினார். அவருக்காக மேசையில் வைத்த தேத்தண்ணி தினமும் ஏடு கட்டிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். நான் பாவி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். முதலாளி உள்ளறையில் போனில் இருந்தார். அங்கிள் கேசிங்குக்குள் குனிந்தார். கண் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது, மூக்கு தட்டும் அளவுக்குக் குனிந்தார். அப்படியே இரண்டு தடவை மூச்சை இழுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“தம்பி,” என்றார் மெல்ல. “மூணாவது கேள்விய இன்னொரு தடவ கேக்கறேன்.”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும், எனக்குச் சத்தம் வரும். “அதான் இல்லன்னு சொன்னேன்ல! என்னை எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க? நீங்கதான் பேட்டரியக் கழட்டி எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க!”

முதலாளி போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “என்ன சத்தம்?”

“இவரு கெடுத்துட்டாரு பாஸ். தெரியாத வேலையில கை வச்சு...”

அங்கிள் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோட்டை மூடினார். “ஆமா. என்னால கண்டுபிடிக்க முடியல” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். தன் பவர் சப்ளையைக்கூட மறந்துவிட்டார்.

தெருவுக்கா காது இல்லை? டெஸ்ட்பென் அங்கிள் அச்சகத்துக் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. கோரேங் பீசாங் அண்ணன் என்னிடமே துக்கம் விசாரித்தார்.

கம்ப்யூட்டரை நான் இம்பி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிப்போனேன். சீனப் பையன், நான் துடைக்காமல் விட்ட ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தான். “பாஸ், அபா இனி, என்ன இது? உள்ள கறி பவுடரா?” பிரஷ் போட்டான், ஸ்பிரிட் விட்டான். ஐந்து நிமிஷத்தில் மயில் மயிலாகவே வந்தது. நான் முதலாளியிடம் வந்து, “உள்ள ஒரு சாமான் கெட்டுப் போயிருச்சாம், மாத்திட்டாங்க” என்றேன். இன்னொரு பொய்.

கொஞ்ச நாளில் அங்கிள் கிள்ளானுக்கு, மேரு பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. தீபாவளி முடியட்டும் என்றேன், பொங்கல் முடியட்டும் என்றேன். அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்தவன் அப்படியே கீழே வைத்தேன். அன்றைக்கே கிளம்பிவிட்டேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அங்கிள் தொடவில்லை. நான் அவருடைய பவர் சப்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன்.

“தெரியும்லா,” என்றார். “சந்தன வாசம். மூணாவது நாளு, சூடேறுனப்ப நல்லா வந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அங்கிள்!”

“சொன்னா உன் வேலை போயிருக்கும். எனக்குப் பென்ஷன் வருது. உனக்குக் கைப்புள்ள. ஆனா நீ வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். அந்த வாரமே வருவேன்னு நெனச்சேன்.”

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். எங்கள் அச்சகத்துப் பக்கம்தான் அதில் கடைசியாக எழுதியது. அடியில் கட்டம் காலி. அதற்குப் பிறகு ஒரு எழுத்து இல்லை, பக்கம் பக்கமாக வெள்ளை. அவரை யாரும் கூப்பிடவில்லை. நான்தான் கூப்பிடாமல் செய்தேன்.

பென்சிலை என்னிடம் நீட்டினார். “நீயே எழுது.”

‘கோளாறு: நான்’ என்று எழுதினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். மேசையில் தடவி ரப்பரைத் தேடியெடுத்து, ‘நான்’ என்பதை நிதானமாக அழித்தார். அந்த இடத்தில் ‘சந்தனம்’ என்று எழுதினார்.

அப்புறம் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.