பதினான்கு ஓட்டமும் ஒன்பது கையடியும்

2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, காலை மணி 10.40. ஓடியது பதினான்கு முறை. பாட்டோடு ஏழு, பாட்டில்லாமல் ஏழு. என்னிடம் கையடி வாங்கியவர்கள் ஒன்பது பேர்.

இர்பித் நகரில் இருக்கும் மதிப்புக்குரிய மாமா அபூ ஹாஸிம் அவர்களுக்கு, அம்மான் நகரிலிருந்து மருமகன் முஹன்னத் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்காலும் மாமியின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று அடுத்த வரி வர வேண்டும். இந்தக் கடிதத்தில் அதை விட்டுவிடுகிறேன்.

போன மாதம் என்னைக் கேட்டீர்கள்: "ஓடுறவனுக்குக் கால் போதாதா? காதுல எதுக்குடா கச்சேரி?" நான் மின்பொறியாளன், வாய்ப்பேச்சை நம்புகிறவன் இல்லை. அளந்தே முடிவு செய்வோம் என்று இறங்கினேன். பாட்டோடு ஓடினால் கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் பன்னிரண்டு வினாடி. பாட்டில்லாமல் ஏழு நிமிடம் நாற்பது. என் கால் மேல் குற்றமில்லை, மாமா. காது திறந்திருந்தால் எங்கள் ஜபல் தாஜ் தெருக்களில் எவனாலும் ஓட முடியாது. ரொட்டிக்கடைக்காரர் ஸலாம் சொல்வார், நின்று பதில் சொல்ல வேண்டும், சொன்னால் "யாருடா துரத்துறாங்க, கடன்காரனா?" என்பார், அதற்கும் சிரிக்க வேண்டும், சிரித்து முடிப்பதற்குள் மூன்றாவது வளைவில் உம்மு ஸாமிர் மாடியிலிருந்து "முஹன்னத், கேஸ் வண்டி போகுது, ஓடிப் புடிடா, எப்படியும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கே!" என்று கத்துவாள். ஐந்தாவது ஓட்டத்தில் சிலிண்டரைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறினேன். அதைத் தூரக்கணக்கில் சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆகவே பாட்டுதான் என்று முடிவு கட்டி, புதன்கிழமை மாலை பதினான்காவது ஓட்டம் கிளம்பினேன். காதில் கல்யாண மேளம். செய்தி எதுவும் குறுக்கே வராதபடி போனையும் அடக்கி வைத்தேன். பள்ளிவாசல் தாண்டியதும் தெருவை அடைத்து ஒரு பந்தல். தேர்தல் நேரம், தெருவுக்கு ஒரு வேட்பாளர், வேட்பாளருக்கு ஒரு பந்தல், சுற்றிப் போக வழியில்லை, உள்ளே புகுந்தேன். படம் எதுவும் மாட்டவில்லை, சிக்கனமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது பேர் வரிசையாக எழுந்து கையை நீட்டினார்கள். நான் தோளைக் குலுக்கி ஆடியபடியே ஒன்பது கையிலும் பட்பட்டென்று அடித்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒருவர் காப்பி நீட்டினார். தேர்தல் பந்தலில் குனாஃபா இனிப்புதானே கொடுப்பார்கள், இது ஏன் இப்படிக் கசக்கிறது என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். குடித்து, கிண்ணத்தை அவர் கையில் திணித்து, கட்டைவிரலைத் தூக்கிக்காட்டிக் கத்தினேன்: "இந்தத் தடவை நீங்கதான் ஜெயிக்கிறீங்க!"

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், நீங்கள் எனக்குப் பெண் கேட்கப் போகும் தீமாவின் அழைப்பு.

"எங்க பெரியதாத்தாவோட இரங்கல் பந்தல்ல ஓடினது நீயா?"

"எந்தப் பந்தல்?"

"எங்கப்பா கையில அடிச்சியே, அந்தப் பந்தல்."

பெரியதாத்தா மதியமே அடக்கமான சேதியை அவள் அனுப்பியிருக்கிறாள். நான்தான் போனை அடக்கி வைத்தேனே. பந்தலில் ஒலிபெருக்கி வைத்துக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்களாம். காதில் இயர்போன் இருந்தது, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று கெஞ்சினேன். பக்கத்தில் நின்ற அவள் அப்பா அபூ கஸ்வானின் குரல் கேட்டது: "காதுல பாட்டு ஓடிச்சுன்னா அது முட்டாள்தனம், மன்னிச்சிடலாம். வெறுங்காதோட ஆடிட்டுப் போயிருந்தான்னா அவனுக்கு இந்த வீட்டுல பொண்ணு கிடையாது."

மாமா, பெண் கேட்க அடுத்த மாதம் இருபது பெரியவர்களோடு நீங்கள் தலைமை தாங்கி வருவதாக இருந்த அந்த ஜாஹாவை, முதலில் மன்னிப்புக் கேட்க ஒரு தடவை கூட்டி வாருங்கள். எப்போதும்போல், கேட்டது கிடைக்கும்வரை காப்பியை யாரும் தொடக்கூடாது. சுலைமான் சித்தப்பாவை நடுவில் உட்கார வையுங்கள், அவர்தான் அவசரப்பட்டுக் குடித்துவிடுவார். அத்தாட்சியாக என் கைக்கடிகாரத்தின் பதிவை இத்துடன் அச்செடுத்து வைக்கிறேன். குற்றவாளி நானல்ல, இயர்போன்தான் என்பது அதில் தெளிவாக இருக்கும். மாமியின் கைக்கு என் முத்தம், பிள்ளைகளுக்கு அன்பு. இறைவன் உங்கள் முழங்காலை எனக்காகவாவது பலப்படுத்தட்டும்.

இப்படிக்கு,
முஹன்னத்

பின்குறிப்பு: அச்செடுத்தேன். இயர்போனில் சார்ஜ் தீர்ந்தது மாலை 6.02. பந்தலுக்குள் நுழைந்தது 6.19. பதினேழு நிமிடம் என் காதில் வெறும் பிளாஸ்டிக்தான். மேளம் நின்றதே தெரியாமல் மண்டைக்குள் நானே அடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்தப் பதினேழு நிமிடம்தான் பதினான்கு ஓட்டத்திலும் வேகமானது. கிலோமீட்டருக்கு நாலு ஐம்பத்தெட்டு. கால் போதும் என்று நீங்கள் சொன்னது சரி. சரியாக இருக்க உங்களுக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா? பதிவைக் கிழித்துப் போடலாம். அளந்ததைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. இனி செய்யப்போவது:

1. மேலே எழுதியதை ஜாஹாவில் யாருக்கும் படித்துக்காட்ட வேண்டாம்.
2. இன்று அஸர் தொழுகை முடிந்ததும் அபூ கஸ்வான் வீட்டுக்கு நான் தனியாகப் போகிறேன். நடந்து.
3. பதிவை அவர் கையிலேயே கொடுப்பேன்.
4. அவர் காப்பி ஊற்றினால் உங்களுக்குப் போன் வரும். இருபது பேரோடு கிளம்புங்கள்.
5. ஊற்றாவிட்டால் இர்பிதுக்கு ஓடியே வருகிறேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், வெறுங்காதோடு. மாமியிடம் சொல்லி ஒரு பாய் போட்டு வையுங்கள்.