மஞ்சணத்தியை நீராட்டிய படலம்

வாழி, வாலைப் பற்றிய வலக்கை! வாழி, பற்றிய வாலை விடாத ஐந்து விரல்கள்! இடுப்புக்கு மேலே அடுக்களைப் பரணுக்குள்ளும் இடுப்புக்குக் கீழே ஏணியிலுமாகத் தொங்கிக்கொண்டு, ஒட்டடையும் பழம்புளியும் மணக்கும் அப்பெருங்குகையின் இருளில் கனல்விழி இரண்டு சுழல்வதைக் கண்டும் கண்ணிமையாத தென்காசி அய்யாக்குட்டி அண்ணாச்சி வாழி வாழி! குற்றாலத்துப் பேரருவியின் கீழே முப்பது சாரல் காலம் நின்று, ஜமீன்தார் முதுகுகளையும் வக்கீல் தொந்திகளையும் நல்லெண்ணெயில் குழைத்தெடுத்த குன்றன்ன தோளர். அவர் பெருவிரல் பட்டால் முதுகுப்பிடிப்பு ஊரைவிட்டே ஓடும் என்று செங்கோட்டை வரை பேர் பெற்றவர். அன்று பகல் பதினோரு மணிக்கு ஒரு பூனையின் வாலில் தம் புகழனைத்தையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"இழுக்காதிய! வால் அந்துரும்!" என்று கீழிருந்து ஓலமிட்டாள் அவருடைய இல்லக்கிழத்தி தங்கபுஷ்பம்.

"நான் எங்கட்டி இழுக்கேன்? அதுல்லா இழுக்குது!" என்று குகைக்குள்ளிருந்து முழங்கிற்று வீரமொழி.

அடுத்த கணம் மின்னல் ஐந்து கோடாக வெட்டிற்று. வால் விடுபட்டது. மஞ்சணத்தி என்னும் அந்த மஞ்சள்நிற மறக்குலத்தாள், அண்ணாச்சியின் உச்சந்தலையைப் படிக்கட்டாக மிதித்து, புளிப்பானையைப் புரட்டி, ஏணியை ஏளனம் செய்து, அடுக்களை கடந்து, பின்வாசல் வழியே முற்றத்தில் குதித்து மறைந்தாள்.

"பின்வாசலுக்கு நான் கொண்டி போட்டேனே! யாரு தொறந்தா?" என்று திகைத்தாள் தங்கபுஷ்பம்.

புளியும் குருதியும் கலந்து வழிந்த முகத்தோடு ஏணியிறங்கிய வீரர் பகைவர் போன திக்கை நோக்கி விரைந்தார்.

போர் மூண்ட காரணம் இனிக் கேளீர். இருபத்தெட்டாம் வருஷத்து ஆனி மாதம் அது. சாரல் வந்தது, அருவி விழுந்தது, குளிக்கத்தான் ஆள் வரவில்லை. மலையிலிருந்து குளிர்காற்று இறங்கிய அதே வழியில் எங்கிருந்தோ பிளேக்கும் இறங்கியிருந்தது. எலிகள் வளையைவிட்டு வெளியேறி, குடித்தவன்போல் தள்ளாடி, நடுத்தெருவில் சுருண்டு விழுந்தன. செத்த எலியைவிட்டு இறங்கும் தெள்ளுப்பூச்சி பூனைமேல் ஏறும். பூனையைவிட்டு இறங்கினால் மனிதன்மேல் ஏறும். மனிதன்மேல் ஏறினால் நாலு பேர் தோள்மேல் அவன் ஏறுவான். ஆகவே பறை முழங்கிற்று. நாளைக் காலை தெரு முழுவதும் வீட்டைப் பூட்டிக் கந்தகப் புகை. இன்று மாலை ஐந்து மணிக்குள் குடிகள் அனைவரும் பண்பொழி சாலைத் தென்னந்தோப்பில் போட்ட கொட்டகைக்குக் குடிபெயர வேண்டும். ஆளுக்கு ஓர் ஊசி, ஊசிக்கு ஒரு சீட்டு. நாயோ பூனையோ கூட வருமானால் குளிப்பாட்டிச் சீவி, தெள்ளுப்பூச்சி ஒன்றுகூட இல்லாமல் காட்ட வேண்டும். ஒன்று இருந்தாலும் சர்க்கார் ஆள் சாக்கோடு நிற்பான். சாக்குக்குள் போன பிராணி எதுவும் திரும்பி வந்ததாகத் தென்காசியில் எவரும் சொன்னதில்லை.

தங்கபுஷ்பம் விடியற்காலையிலேயே தேரடிக்குப் போய் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். போட்ட கை பூசணிக்காயாக வீங்கி, தூக்கவும் முடியாமல் தொங்கிற்று. பிள்ளையில்லாத வீட்டில் ஐந்து வருஷமாகப் பிள்ளையாக வளைய வந்த மஞ்சணத்தியைக் காக்கும் பாரம் ஆகையால் அண்ணாச்சியின் தோளில் இறங்கிற்று. பாரம் இறங்கிய போது அவள் செய்த சபதம் தெருக்கோடிவரை கேட்டது:

"மஞ்சணத்தி இல்லாத கொட்டகைக்கு நானும் வரல. புகை போட்டா என்னையும் வச்சுப் போடட்டும்!"

இனி இரண்டாம் நாள் யுத்தம். அதாவது பகல் ஒரு மணி. முற்றத்து நடுவில் நெத்திலிக் கருவாடு ஒன்று தனியே கிடந்தது, பகைவரை வரவழைக்கும் பொற்கிழிபோல. கொய்யா மரத்தடியிலிருந்து மீசை வந்தது. மீசைக்குப் பின்னால் மூக்கு வந்தது. மூக்குக்குப் பின்னால் மஞ்சணத்தி வந்தாள். பாய்ந்தார் அண்ணாச்சி. பிடித்தார். வெதுவெதுப்பான நீர் குடத்திலும் பயத்தமாவு கிண்ணத்திலும் ஆயத்தமாக இருக்க, அவரோ எண்ணெய்க் குப்பியை எடுத்தார்.

"தண்ணிய ஊத்தாம எதுக்கு எண்ணெ?" என்றாள் தங்கபுஷ்பம்.

"எண்ணெ தேய்க்காமக் குளிப்பாட்டுனா இந்தக் கைக்கு அவமானம்ட்டி! தெள்ளு மூச்சு முட்டிச் சாவ வேண்டாமா?"

தேய்த்தார். ஐயகோ, என்ன தேய்ப்பு! பிடரியில் தொடங்கி முதுகுத்தண்டின் கணுக்கணுவாக இறங்கிய அப்பெருவிரலின் மாயத்தில், சற்றுமுன் காளியாக நின்றவள் கண் சொருகி, கால் நெகிழ்ந்து, எட்டயபுரம் ஜமீனில் விருந்துண்டவர்போல் குறட்டையும் விடத் தொடங்கினாள். காது மடல், தாடை, கக்கம், வாலின் நுனி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை அந்த வித்தகர். மேலும் ஒரு கை எண்ணெய். அதற்கு மேலும் ஒரு கை. பிறகு முதல் சொட்டு நீர் மேலே பட்டது.

எண்ணெய் பூசிய பூனையைப் பிடிக்க வல்லவர் மூவுலகிலும் இல்லை என்பதை முப்பது வருஷம் எண்ணெய் பூசியவருக்குச் சொல்லவும் வேண்டுமோ? இரு கைக்கு நடுவே அவள் விலாங்காக வழுக்கினாள்; மார்போடு அணைத்தபோது சோப்புக்கட்டியாக மேலே கிளம்பினாள்; தோளில் நின்றாள், முதுகில் சறுக்கினாள், வேட்டியில் ஓர் எண்ணெய்ச் சித்திரம் வரைந்தாள், தங்கபுஷ்பம் வெளிப்புறம் கொண்டி போட்டிருந்தும் மறுபடியும் திறந்துகிடந்த பின்வாசல் வழியே வீட்டுக்குள் புகுந்து, முன்வாசலால் வெளியேறி, எதிர்வீட்டு ஓட்டுக்கூரையின் முகட்டில் போய் அமர்ந்து, வெயிலில் பொற்சிலையென மின்னினாள்.

பக்கத்து வீட்டு முத்துவடிவு காலையிலிருந்தே மண்சுவருக்கு மேலே தலையை வைத்துவிட்டு வேறெந்த வேலையும் பார்க்கவில்லை. மூட்டை கட்டிய கையோடு நின்றபடியே கேட்டாள்:

"அண்ணாச்சி, ஜமீன்தாரு இப்படித்தான் வழுக்கிட்டு ஓடுவாரோ?"

"ஜமீன்தாருக்கு நகம் இல்ல தாயி!"

"கொண்டி போட்ட கதவு தானாத் தொறக்குத வீட்ட நான் இன்னிக்குத்தான் பாக்கேன்" என்றாள் முத்துவடிவு. அண்ணாச்சி அதற்குள் கூரையை நோக்கித் திரும்பிவிட்டார்.

மூன்றாம் யுத்தம் முற்றுகை யுத்தம். எதிர்வீட்டு வாசலில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, பகைவரின் கோட்டையை அண்ணாந்து நோக்கி அமர்ந்தார் அவர். கல் எறியவில்லை, கம்பு எடுக்கவில்லை, ஏணி கொண்டுவரச் சொல்லவில்லை. அவ்வப்போது "ப்பூஸ், ப்பூஸ்" என்று ஒரு தூதுமொழி, அவ்வளவே. ஒரு மணி இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. மேற்கே மலைமேல் மேகம் கவிந்தது. தெருவில் வண்டிகள் பானையும் பாயும் கிழடுகளுமாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒரு நாயைச் சாக்கில் போட்டு இரண்டு பேர் தூக்கிப்போனதைக் கண்டு தங்கபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேரம் போகுதே! சரி, உங்க ஊசிச் சீட்டு எங்க? டாக்டரு நாலு மணி ரயில் வண்டியில செங்கோட்டைக்குப் போயிருவாராம். நான் பூனையப் பாத்துக்கிடுதேன், ஓடிப்போய் போட்டுட்டு வாங்களேன்!"

எழுந்தார் அண்ணாச்சி. இடக்கையை இடுப்பில் ஊன்றினார். வலக்கையை மலையை நோக்கி உயர்த்தினார். மொழிந்தார்:

"வாயில்லாச் சீவன் ஒன்னு சாவுக்கும் சாக்குக்கும் நடுவுல நிக்குது! இப்பத்தான் எனக்குச் சீட்டு பெருசா? கேளுட்டி தங்கபுஷ்பம்! முதல்ல மஞ்சணத்தி! அப்புறந்தான் இந்த அய்யாக்குட்டி!"

தங்கபுஷ்பத்தின் கண்ணில் நீர் திரண்டது. இப்படிப்பட்டவரையா எண்ணெய் சிந்தினதற்கு ஏசினோம் என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அப்போது தூரத்தே கூவிற்று நாலு மணி வண்டி.

என்னே அதிசயம்! அந்தக் கூவல் காற்றில் கரையுமுன், எந்தத் தெய்வம் வந்து இறங்கிற்றோ அறியோம், அண்ணாச்சி முக்காலிமேல் ஏறினார், ஓட்டு விளிம்பில் கையை நீட்டினார், முகட்டிலிருந்து தானே இறங்கி வந்த மஞ்சணத்தியை வெற்றிலைச் செல்லத்தை எடுப்பதுபோல் பிடரியில் எடுத்தார். கூரையிலிருந்து முற்றத்துக்கு நாற்பது எட்டு. வெதுநீர் முதுகில் விழுந்தது, முகத்தில் விழவில்லை. இரு பெருவிரல் இரு காதையும் அடைத்தன. பயத்தமாவு எண்ணெயை உறிஞ்சிற்று. மாவு கண்ணில் படாமல் உள்ளங்கை குடைபிடித்தது. மூன்று யுத்தத்தில் மூவுலகையும் கலக்கியவள் அந்தக் கைக்குள் பச்சைப் பிள்ளையாகக் கிடந்தாள். செத்த தெள்ளுகள் எண்ணெயோடும் மாவோடும் சாரைசாரையாக வடிகாலில் ஓடின. பேன்சீப்பால் தலைமுதல் வால்வரை ஏழு தடவை சீவி, தம் மேல்துண்டால் துவட்டி, மூடியில் ஓட்டை போட்ட பனையோலைக் கூடையில் இருத்தியபோது மணி நாலேகால். காலை பதினோரு மணிமுதல் நடவாதது கால்மணியில் நடந்தது!

ஐந்து அடிக்கச் சானிடரி இன்ஸ்பெக்டர் முகம்மது மீரான் வந்து நின்றார். காக்கித் தொப்பி, கையில் வெள்ளைத் துணி, பின்னால் சாக்கோடு ஓர் ஆள். துணியை விரித்து, பூனையை அதன்மேல் நிறுத்தி, சீப்பை எடுத்தார். முதல் சீவல், ஒன்றுமில்லை. இரண்டாம் சீவல், ஒன்றுமில்லை. மூன்றாம் சீவலில் துணியின் வெண்மையில் விழுந்தது ஒரு கரும்புள்ளி.

சாக்கு ஓர் அடி முன்னே வந்தது. தங்கபுஷ்பமும் ஓர் அடி முன்னே வந்தாள்.

மீரான் குனிந்தார். உற்றுப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"கருவாடு" என்றார். சாக்கு பின்வாங்கிற்று. "பூனை சுத்தம். தாராளமாக் கொண்டு போங்க ஆச்சி. ஆனா அங்கன கட்டித்தான் வைக்கணும், பாத்துக்கிடுங்க. செத்த எலியத் திங்க விட்டுராதிய. பாயில கூடப் படுக்க வைக்காதிய. ம், ஆச்சி சீட்டு இருக்கு. அண்ணாச்சி சீட்டு?"

அண்ணாச்சி நெடுமூச்செறிந்தார். விதியின் கொடுமைக்கு வருந்தும் பெருந்தகையின் மூச்சு அது.

"என்ன செய்ய ஐயா? பூனையோட மல்லுக்கட்டுனதுல நேரம் தப்பிருச்சு. டாக்டருதான் நாலு மணி வண்டிக்குப் போயிட்டாகளே."

"எங்கன போக? பிளேக் ஊருல வண்டி நிக்கப்படாதுன்னு நேத்தே உத்தரவு. ஊதிக்கிட்டே ஓடிட்டான். டாக்டரு தெருமுனையில ஜட்காவுலதான் இருக்காரு." மீரான் திரும்பிக் குரல் கொடுத்தார். "டாக்டர் சார், இங்கன ஒரு ஆளு பாக்கி!"

மண்சுவருக்கு மேலிருந்த தலை அப்போது வாய் திறந்தது.

"ஏட்டி தங்கபுஷ்பம், பின்வாசக் கொண்டிய ரெண்டு தடவையும் தொறந்துவிட்டது அண்ணாச்சிதாம்ட்டி. நான் கண்ணால பாத்தேன்!"

தோல்பெட்டி 'டக்' என்று திறந்தது. புலிநகம் ஐந்தை முகத்தில் ஏற்றும் புன்னகை மாறாதவர், பேரருவியின் பேரிடியைப் பிடரியில் தாங்கியவர், ஒரு பகல் முழுவதும் ஒரு பூனைக்காக உலகையே எதிர்த்து நின்ற உரவோர், எண்ணெய் வழியும் திருமேனியோடு ஓரடி பின்வைத்து, ஈரடி பின்வைத்து, கொய்யா மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அய்யாக்குட்டிக்கு ஊசி என்றால் பயம்.