நீர்நாய் கடக்கும்வரை வாயை மூடியிருந்தேன்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது.

இங்கே நான் சௌக்கியம், உன் தம்பி பெண்டாட்டி சௌக்கியம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முனகுகிறது, சமதரையில் சமத்தாக இருக்கிறது. அங்கே உன் இரத்த அழுத்தமும் அத்தானின் சர்க்கரையும் அவரவர் எல்லைக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீதான் முடித்துவைப்பாய், அதுவும் நான் நினைத்தபடி முடிக்கமாட்டாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. ஆகவே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி. அத்தானுக்கும் உரக்கப் படித்துக் காட்டு.

விஷயம் உன் மருமகளைப் பற்றியது, அதாவது என் மகளைப் பற்றியது. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "இவ இப்ப என்ன வேலை பாக்குறா?" என்று கேட்டாய். "ஆத்தோர இயற்கைப் பூங்காவுல வழிகாட்டிக்கா" என்றேன். "பூங்காவுல வழி காட்ட என்னடா இருக்கு? நேரா போனா உள்ளே, திரும்பி வந்தா வெளியே!" என்றாய். அத்தான் சிரித்த சிரிப்பில் பாதிக் காபி அவர் சட்டைக்குப் போயிற்று. பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் சிரித்து வைத்தேன். சமையலறையில் இருந்த மகள் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வேலையைப் பற்றி வீட்டில் அவள் பேசுவதே குறைந்துபோயிற்று. அது எனக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி இருந்தது, ஆனால் என்ன செய்வது, சிரித்தவனும் நான்தானே.

இந்த நிலையில் போன வாரம் சாப்பிடும்போது அவளே சொன்னாள். இது தற்காலிக வேலையாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நடையில் பூங்காவின் பெரிய அதிகாரி சாதாரணப் பார்வையாளர் மாதிரி கூடவே வந்து பார்ப்பாராம். திருப்தி என்றால் நிரந்தரம், இல்லையென்றால் நன்றி வணக்கம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க மட்டும் வந்துடாதீங்க."

அக்கா, பெற்ற பிள்ளை இப்படிச் சொன்னால் வலிக்காதா? ஆனால் அவள் பக்கமும் நியாயம் உண்டு. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக நான் பார்த்த உத்தியோகம் உனக்குத் தெரியும். ஒலிபெருக்கி கெட்டுப்போனால் அதைப் பழுதுபார்க்க யாரும் அவசரப்பட்டதில்லை; என் அறைச் சன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். நான் உன் தம்பி பெண்டாட்டியிடம் ரகசியம் சொன்னால் தெருமுனை மருந்துக்கடைக்காரர், "அப்படியா சார், எப்ப நடந்துச்சு?" என்று கேட்பார். இப்படிப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு பறவை பார்க்கப் போகிறவன் உண்டா? போகக் கூடாது என்றுதான் நானும் முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்த முடிவு எங்கே போயிற்றோ தெரியவில்லை, நானும் உன் தம்பி பெண்டாட்டியும் பூங்கா வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நின்றோம்.

மங்கலான நிறத்தில் உடுத்தவேண்டும் என்று வாசல் பலகையிலேயே எழுதியிருந்தது. நான் கிளிப்பச்சைச் சட்டை போட்டிருந்தேன், இலையோடு இலையாகக் கலந்துவிடலாம் என்ற எண்ணத்தில். "எந்த மரத்துலங்க இந்தக் கலர்ல இலை?" என்றாள் உன் தம்பி பெண்டாட்டி. மகள் எங்களைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "வந்துட்டீங்க, சரி. நீங்க என் அப்பான்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். "சத்தியம்!" என்றேன். தலைக்கு மேலே கிளையில் இருந்த மைனாக்கள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன.

கூட்டம் சின்னதுதான். கழுத்தில் பெரிய தொலைநோக்கியும் சட்டை நிறையப் பையுமாக ஒருவர், பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, இவர்தான் அதிகாரி. அப்புறம் ஒருவரை ஒருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு புதுமண ஜோடி. ரப்பர் செருப்பும் துணிப்பையுமாக, காய்கறி வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்தவர் மாதிரி ஓர் அம்மா. இவர்களோடு நாங்கள்.

பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஆறு ஒரு பக்கம் கூடவே வருகிறது, மறுபக்கம் மரநிழல். கால் வலித்தால் உட்கார ஆங்காங்கே பெஞ்சு. சதுப்பு வருகிற இடத்தில் நாணலுக்கு மேலே பலகை போட்டு நீளமாக ஒரு நடைபாதை. என் முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தான்கூடத் தாராளமாக நடக்கலாம்.

முதல் வளைவில் மகள் நின்றாள். கையால் மட்டும் காட்டினாள். தண்ணீர் மேல் சாய்ந்திருந்த குச்சியில் நீலமும் செம்பழுப்புமாக ஒரு மீன்கொத்தி. "அசையாம பாருங்க, இப்ப பாயும்" என்று மூச்சுக் காற்றில் சொன்னாள். எனக்கும் அதே போல மூச்சுக் காற்றில்தான் பேச வந்தது. "அடேயப்பா, என்ன நீலம்!" என்றேன், அவ்வளவுதான். மீன்கொத்தி பாய்ந்தது, மீனை நோக்கி அல்ல, அக்கரையை நோக்கி. அக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, "என்னையா கூப்பிட்டீங்க?" என்றார். மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீன்கொத்தி பறக்கும்போது எவ்வளவு நேரா பறக்குதுன்னு எல்லாரும் பாத்தீங்க இல்ல? உக்காந்திருக்கும்போது அது தெரியாது" என்றாள். கூட்டம் தலையாட்டியது. கேட்டாயா அக்கா? நான் கெடுத்ததை அந்தக் கணத்திலேயே பாடமாக்கிவிட்டாள்!

அந்தப் பூரிப்பில் நான் கொஞ்சம் நிதானம் இழந்துவிட்டேன் என்று சொல்லலாம். அடுத்த திருப்பத்தில் தண்ணீரில் கறுப்பாக, நீளமாக, முதுகு மட்டும் தெரிய ஒன்று மிதந்தது. ஊரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என்மேல் விழுந்ததாக நினைத்து, "முதலை!" என்றேன். புது மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டுப் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையை அவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். தொலைநோக்கிக்காரர் என் பின்னால் ஒளிந்துகொண்டார். மகள் நிதானமாக வந்தாள். "ஐயா, அது மரக்கட்டை" என்றாள். பெற்ற மகள் 'ஐயா' என்கிறாள்! "ஆனா நல்ல இடத்தைத்தான் காட்டுனீங்க. கட்டையோட அந்தக் கோடியில பாருங்க, ரெண்டு ஆமை வெயில் காயுது." எல்லோரும் பார்த்தார்கள். இருந்தன. ஒன்றின் மேல் மற்றொன்று ஏறி, கழுத்தை நீட்டிக்கொண்டு. நான் காட்டாவிட்டால் அந்தக் கட்டையை யார் பார்த்திருப்பார்கள்? ஆமைகளில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு மேலும் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. தொலைநோக்கி அதிகாரியின் அருகில் போய், "இந்தப் பொண்ணு மாதிரி ஒரு கெட்டிக்காரி எங்க தேடினாலும் கிடைக்காது சார், விட்டுடாதீங்க" என்றேன். அவர் மிரண்டுபோய், "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்க" என்றார். அவர் பல் டாக்டராம். சரி, அதிகாரி வரவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. அந்தக் கோபத்தைக் கொட்ட ஆள் வேண்டாமா? துணிப்பை அம்மா பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்மா, அது என் பொண்ணு" என்று ஆரம்பித்தேன். "இந்தப் பூங்காவுல ஒரு அதிகாரி இருக்காங்களாம். கல்நெஞ்சு! இத்தனை நாளா புள்ளையைத் தற்காலிகத்துலயே வச்சிருக்காங்க. குடுத்திருக்கிற சீருடைக் கோட்டைப் பாருங்க, ரெண்டு கையும் உள்ளேயே காணாம போயிடுது. இன்னைக்கு வந்து பாக்கறேன்னாங்க, ஆளையே காணோம். தூங்கறாங்க போல." அந்த அம்மா, "இருக்கும், இருக்கும்" என்றார். உன் தம்பி பெண்டாட்டி என் முழங்கையைக் கிள்ளினாள். எதற்கென்று அப்போது புரியவில்லை.

இனிமேல் வருவதுதான் முக்கியம், அத்தானைச் செய்தித்தாளை மடித்து வைக்கச் சொல்.

பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் மகள் சட்டென்று குந்தி உட்கார்ந்தாள். பலகைமேல் கறுப்பாகக் கொஞ்சம் எச்சம். நானாக இருந்தால் பூங்காவைப் பெருக்குவதில்லையா என்று கேட்டிருப்பேன். அவள் ஒரு குச்சியால் அதைக் கிளறினாள். உள்ளே மீன் செதில் மின்னியது. "ஈரம் காயலை. நீர்நாய். ராத்திரி குட்டிகளை நாணலுக்குள்ள வச்சிருந்திருக்கு. இப்ப ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகும், இந்தப் பலகையைத் தாண்டித்தான் போகணும்" என்றாள். அப்புறம் எழுந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள். அக்கா, அந்தப் பார்வையில் என் மகள் இல்லை. நம் அம்மா அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் நம்மை ஒரு பார்வை பார்ப்பாளே, அது. "இங்கயே நிப்போம். பேச வேணாம். யாரும் விரலைக்கூட அசைக்க வேணாம்."

நின்றோம். ஒன்றும் வரவில்லை. நாணல் ஆடியது, ஓய்ந்தது. பல் டாக்டர் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது. ஏமாந்துவிட்டாளோ, எல்லோர் முன்னாலும் தலைகுனிவாகிவிடுமோ என்று எனக்குக் கவலை. அவள் மட்டும் அசையவில்லை. அப்புறம் நாணல் விலகியது. ஈர மீசையோடு ஒரு தலை. இரண்டு பக்கமும் பார்த்தது. தாய் நீர்நாய் பலகைமேல் ஏறி வந்தது, வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு. பின்னாலேயே இன்னும் இரண்டு, பந்து உருளுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு. கடைசிக் குட்டி நேரே என் காலடிக்கு வந்து என் காலணியை முகர்ந்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, நீர்நாய்க் குடும்பம் ஒன்று இப்போது..." என்று முழு அறிவிப்பும் என் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்துகூட விட்டேன். மகள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு விரலைத் தூக்கினாள்.

வாய் மூடிக்கொண்டது, அக்கா. மேலதிகாரிகள் எத்தனையோ பேர் அடக்கப் பார்த்து அடங்காத வாய், உன்னாலேயே அடக்க முடியாத வாய், ஒரு விரலுக்கு அடங்கிற்று. குட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு அம்மாவின் பின்னால் ஓடியது. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வழுக்கி இறங்கின. ஆற்றில் மூன்று கோடுகள் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. புதுப்பெண் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான், ஆனால் சத்தம் வராமல்.

வெளியே வந்ததும் துணிப்பை அம்மா என்னிடம் வந்தார். "ஐயா, தூங்கற கல்நெஞ்சக்காரி நான்தான்" என்றார். நான் உன் தம்பி பெண்டாட்டியின் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவரோ மகள் பக்கம் திரும்பினார். "நீர்நாயைக் காட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்கம்மா. இப்படி ஒரு ஆளைக் கூட்டத்துல வச்சிக்கிட்டே நீர்நாயைக் காட்டினவ நீ ஒருத்திதான். நாளையிலேருந்து நீ நிரந்தரம். நாளைக்கே கைக்கு அளவா கோட்டும் வாங்கிக்கோ." ஆக, வேலை நிரந்தரமானதற்குக் காரணம் யார் என்று நீயே யோசித்துக்கொள், நான் என் வாயால் சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் என் கையைக் கோத்துக்கொண்டாள். "அப்பா, நீங்க பேசாம நின்னீங்க பாருங்க, நீர்நாயைவிட அதுதாம்ப்பா அதிசயம்" என்றாள். சமையலறையில் அன்றைக்குச் சிரிக்காமல் நின்றவள், தெருவெல்லாம் கேட்கச் சிரித்தாள். அந்தக் குரல் யாரிடமிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. நீ அன்றைக்குக் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்: பூங்காவில் வழி காட்ட நிறைய இருக்கிறது அக்கா. நேரே உள்ளே போய்த் திரும்பி வெளியே வந்தேன், உண்மைதான். போனவன் வேறு, வந்தவன் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீயும் அத்தானும் வந்து அவள் பின்னால் நடந்து பாருங்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நல்ல காதும் நல்ல கண்ணுமாக, தேவையான அளவு வாயுமாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்ட
உன் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் உன் தம்பி பெண்டாட்டியிடம் படிக்கக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. என் வாய் தானாக மூடவே இல்லையாம். மகள் விரலைத் தூக்கியது என்னைப் பார்த்து அல்லவாம், இவளைப் பார்த்துதானாம். உடனே இவள் பின்னாலிருந்து என் வாயைப் பொத்தி, நீர்நாய்கள் ஆற்றில் இறங்குகிற வரை கையை எடுக்கவே இல்லையாம். கண்ணில் தண்ணீர் வந்ததுகூட மூக்கையும் சேர்த்துப் பொத்தியதால்தானாம். எனக்கு இதெல்லாம் நினைவில் இல்லை. அப்படியே இருந்தாலும், அந்தக் கையை நான் கடிக்கவில்லை என்பதையாவது நீ கவனிக்க வேண்டும். கடித்தேன் என்கிறாள். லேசாகத்தான்.