பின்பக்கமாக மடங்கும் முழங்கால்

“திருட்டு ராஸ்கல், வைடா போனை!” என்றது எதிர்முனை.

கமா போனை வைத்தான். காலையிலிருந்து அவனைத் திட்டியவர்களில் இந்த அம்மாள்தான் கொஞ்சம் மரியாதையானவர்.

கமா என்பது ஆபீஸில் அவனுக்கு வைத்த பெயர். எதை எழுதினாலும் கமாவை அதனதன் இடத்தில் வைக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. பேசும்போதுகூட நடுவில் கமா விட்டு விட்டுத்தான் பேசுவான். மின்சாரக் கெட்டில் செய்யும் கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவனுடையது.

சிக்கல் இதுதான். கம்பெனி புதிதாக விற்ற வெள்ளைக் கெட்டிலில் ஒரு கோளாறு. தண்ணீர் கொதித்ததும் தானாக நிற்க வேண்டியது நிற்பதில்லை. பக்கத்தில் ஆளில்லாவிட்டால் தண்ணீர் வற்றி, அடிப்பாகம் உருகி, சமையலறையே பற்றிக்கொள்ளும். யாருக்காவது ஏதாவது ஆவதற்குள் அத்தனை கெட்டிலையும் திரும்ப வாங்கியாக வேண்டும். அந்தப் பொறுப்பு கமாவின் தலையில் விழுந்தது.

அவனும் அருமையாக ஒரு அறிவிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பினான். ஒரு பிழை கிடையாது. ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. சரி, நேரடியாகவே பேசிவிடலாம் என்று போனை எடுத்தான். அங்கேதான் அவன் வைத்த ஆப்பு அவனுக்கே திரும்பியது.

“வணக்கம், கெட்டில் கம்பெனியிலிருந்து பேசறேன், உங்க கெட்டில்ல ஒரு கோளாறு...”

“அடப்பாவி! உங்கள மாதிரி ஆளுங்க போன் பண்ணுவாங்கன்னு கம்பெனிக்காரங்களே எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. ‘நாங்கள் யாரையும் போனில் அழைப்பதில்லை’ன்னு தெளிவா போட்டிருக்கு!”

“அதை எழுதினதே நான்தாங்க.”

“ஓகோ, இப்பல்லாம் திருடனே எழுதிக் குடுத்துட்டுத்தான் வர்றானா?”

உண்மைதான். போன மாதம் யாரோ கம்பெனியின் பெயரைச் சொல்லி, பரிசு விழுந்திருக்கிறது என்று ஊரை ஏமாற்றப் பார்த்தார்கள். உடனே கமா உட்கார்ந்து, மோசடிக்காரன் நுழையக்கூடிய சந்து பொந்தையெல்லாம் அடைத்து ஒரு எச்சரிக்கை எழுதினான். ‘மிகவும் மரியாதையாகப் பேசினால், கூடுதல் கவனமாக இருங்கள்’ என்றுகூட அதில் ஒரு வரி. அதற்காக மேனேஜர் அவனுக்குக் கைகொடுத்துப் பாராட்டினார்.

அதே மேனேஜர் இப்போது அவன் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“என்னப்பா, எத்தனை வந்துச்சு?”

“ரெண்டு வந்துச்சு சார். அதுல ஒண்ணு, நம்ம கம்பெனியோடது இல்ல.”

“இங்க பாரு கமா. எவன் வீட்லயாவது தீப்பிடிச்சா கம்பெனி போயிடும். கம்பெனி போறதுக்கு முன்னாடி நீ போயிடுவ. புரியுதா?”

புரியாமல் என்ன? வேலை போவது ஒரு பக்கம். யாரோ ஒருவர் வீட்டில் கெட்டிலைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாரே, அந்த நினைப்புதான் அவனை ஒரு வாய் சாப்பிடவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி போனைக் காதில் வைத்தபடி அவனையே உற்றுப் பார்த்தாள்.

“ஏங்க, இதைக் கேளுங்களேன். ‘மோசடிக்காரனின் குரல். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்’னு குரூப்ல வந்திருக்கு. அப்படியே உங்க குரல் மாதிரி இருக்கு.”

“என் குரல்தான். யார் அனுப்பினது?”

“அம்மாதான்.”

கமா தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். மனைவி கேட்டுவிட்டு, “இதுக்கா இப்படி இடிஞ்சு போயிருக்கீங்க? அம்மாகிட்ட சொல்லுங்க. சோப்பை ஃபிரிட்ஜ்ல வெச்சா கரப்பான் வராதுன்னு போன வாரம் ஒண்ணு அனுப்பினாங்க. இன்னைக்கு இந்தத் தெருவுல சோப்பு வெளியில இருக்கற வீடு ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம்” என்றாள்.

“படிச்சவங்க யாரும் அதையெல்லாம் நம்ப மாட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே கமா தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தான். முட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டுச் சோப்பு சில்லென்று உட்கார்ந்திருந்தது.

அவன் ஃபிரிட்ஜை மூடிவிட்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பினான்.

மாமியாருக்கு உறவுக்காரர்கள் வைத்த பெயர் ஒலிபரப்பு. நேரில் யாரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கிறது? போனில் செய்தி அனுப்பாத நேரத்தில் அவள் கம்பளி நூலில் ஏதாவது பின்னுவாள். அந்த வீட்டில் ரேடியோவுக்கு ஸ்வெட்டர், ரிமோட்டுக்கு ஸ்வெட்டர், தண்ணீர்ச் சொம்புக்கும் ஸ்வெட்டர். சோபாவின் மூலையில் மாமனாரும் ஒரு ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். அவர் வாய் திறந்து பேசி ஊரார் பார்த்ததில்லை.

“வாங்க மாப்பிள்ளை. உங்க கம்பெனி சாமானையும் சேர்த்துத் தூக்கிட்டு வரலையே? அதெல்லாம் இந்த வாசப்படி ஏறக் கூடாது. பொண்ணைக் குடுத்ததே போதும்.”

“இல்லைங்க அத்தை, ஒரு உதவி.” கமா தன் அறிவிப்பை எடுத்து நீட்டினான்.

மாமியார் முதல் வரியைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். “என்ன மாப்பிள்ளை இது, ஒரு தப்புகூட இல்லையே. எவன் நம்புவான்? டாக்டர் எங்க? யாருக்கு என்ன ஆச்சு? பதறின மாதிரி ஒரு ஆச்சரியக்குறிகூட இல்ல.”

“அதுல என்ன கோளாறுன்னா அத்தை, தண்ணி கொதிச்சதும்...”

“அதெல்லாம் எனக்கு வேண்டாம். விவரம் தெரிஞ்சா எழுத வராது. ஜனங்க என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க.”

“வெள்ளைக் கெட்டிலை, எங்க கம்பெனிக்கு, கொண்டாந்து குடுக்கணும்.”

“அவ்வளவுதானே? டீ குடிங்க.” அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். “ஏங்க, உள்ள இரையுதே, காதுல விழலையா?”

மாமனார் எழுந்து உள்ளே போய் எதையோ நிறுத்திவிட்டு, டீயோடு வந்து பழைய மூலையில் உட்கார்ந்துகொண்டார். மாமியாரின் கட்டைவிரல்கள் போனில் பறந்தன. கமா டீயைக் குடித்து முடிப்பதற்குள் செய்தி தயாராகிவிட்டது.

‘அவசரம்!!! அழிப்பதற்குள் படிக்கவும்!!! வெள்ளை கெட்டிலில் கொதித்த தண்ணி குடித்தால் முழங்கால் பின்பக்கமாக மடங்கும்!!! வெளிநாட்டு டாக்டர் அழுதுகொண்டே சொன்னது!!! உடனே கம்பெனி வாசலில் கொண்டு போய் கொடுக்கவும்!!! தெரிந்தவர் எல்லாருக்கும் அனுப்பவும். அனுப்பாமல் சிரித்த ஒருவர் இப்போது படி இறங்க முடியாமல் மாடியிலேயே இருக்கிறார்!!!’

கமா மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடிப் பார்த்தான். அதில் ஒரு கமாகூட இல்லை.

“முழங்கால், எப்படி அத்தை, பின்பக்கமா மடங்கும்?”

“மடங்காதுல்ல? அதான் பயப்படுவாங்க. ஏற்கெனவே மடங்கற பக்கமே மடங்கும்னா எவன் பயப்படப் போறான்?”

பொய் சொல்லித்தான் உண்மையைச் சொல்ல வேண்டுமா என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குளிக்கப் போகிற ஆளை நினைத்துக்கொண்டான். “அனுப்புங்க” என்றான்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலை நெருங்க முடியவில்லை. தெருமுனை வரை வரிசை. எல்லோர் கையிலும் கெட்டில். கமா மகிழ்ந்து போனான். கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இவன் கம்பெனிக் கெட்டில் இருந்தது, ஊரிலுள்ள மற்றக் கம்பெனிக் கெட்டில்களும் இருந்தன. இஸ்திரிப்பெட்டி இருந்தது. ஒருவர் மேஜை விளக்கைக் கொண்டுவந்திருந்தார்.

“இது கெட்டில் இல்லைங்களே” என்றான் கமா.

“வெள்ளையா இருக்கில்ல?”

அதற்குப் பின்னால் தள்ளுவண்டியில் ஒரு ஃபிரிட்ஜ் வந்துகொண்டிருந்தது. கமா எட்டிப் பார்த்தான். அதற்குள்ளேயும் சோப்பு.

கொடுத்த கையோடு யாரும் நகரவில்லை. “முழங்காலைப் பார்த்துச் சொல்லுங்க” என்று அங்கேயே நின்றார்கள். வாட்ச்மேன் பாவம், கூட்டத்தைக் கலைப்பதற்காக ஒருவருடைய முழங்காலைத் தட்டிப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு, போங்க” என்றார். அவ்வளவுதான். அன்று மத்தியானத்திலிருந்து எல்லோரும் அவரை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார்.

“கமா! கெட்டில் வந்தது சரி. எங்க அம்மா கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கறாங்க. என்னய்யா முழங்கால்? எவன் எழுதினது? மறுப்பு எழுதி உடனே அனுப்பு!”

எழுதினவள் யாரென்று கமா சொல்லவில்லை. மறுப்பை மட்டும் எழுதினான். ‘எங்கள் கெட்டிலில் கொதித்த நீரைப் பருகினால், முழங்கால் பின்பக்கமாக மடங்காது, எப்போதும்போல், முன்போலவே மடங்கும்.’

இதைவிடத் தெளிவாக மனிதன் எப்படி எழுத முடியும்? ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் வேறு மாதிரி படித்துவிட்டது. கம்பெனிக்காரனே முழங்காலைப் பற்றிப் பேசுகிறான் என்றால் ஏதோ இருக்கிறது! ‘முன்போலவே’ என்கிறானே, அப்படியென்றால் நடுவில் என்ன ஆயிற்று? பிரித்து மேய்ந்துவிட்டார்கள். நேற்று வரை சிரித்துக்கொண்டிருந்தவர்களும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் ஒரு ஆள் துணியை விரித்து, ‘கெட்டில் பெல்ட்’ என்று முழங்காலுக்குக் கட்டும் பட்டையைக் கூவிக் கூவி விற்றான். வாட்ச்மேன் அதைச் சிபாரிசு செய்தார்.

மறுப்புக்கு மறுப்பு எழுதலாமா என்று கமா கேட்டான். மேனேஜர் அவன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. கெட்டில் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிப் பார்த்த அன்று மேனேஜர் கமாவைக் கூப்பிட்டார்.

“நம்ம வெள்ளைக் கெட்டில்ல ஒண்ணே ஒண்ணைத் தவிர மிச்சமெல்லாம் வந்துடுச்சு. அந்த ஒண்ணு கடையில வித்திருக்கு, வாங்கின ஆள் போன் நம்பர்கூடத் தரலை. அது எங்கயோ ஒரு வீட்ல கொதிச்சுக்கிட்டிருக்கு கமா. அது வர்ற வரைக்கும் உனக்கும் நிம்மதி இல்ல, எனக்கும் நிம்மதி இல்ல. நாளைக்குள்ள வரலைன்னா மேலிடத்துக்கு நான் உன் பேரைத்தான் சொல்லணும்.”

வழியெல்லாம் கமா ஒவ்வொரு வீட்டுச் சமையலறை ஜன்னலையும் பார்த்துக்கொண்டே நடந்தான். இந்த வீடாக இருக்குமோ, அந்த வீடாக இருக்குமோ? ஊரே பயந்து நடுங்கிய ஒரு செய்திக்கு அசையாத அந்தக் கல்நெஞ்சுக்காரர் யார்? கையில் கிடைத்தால் காலில் விழுந்தாவது வாங்கிவிடலாம். கால்கள் அவனை மாமியார் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டன.

மாமியார் கூடத்தில் போனும் கையுமாக இருந்தாள். மாமனார் சோபா மூலையில் இரண்டு முழங்காலிலும் கெட்டில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, காலை நேராக நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“மாமாவுக்கு என்ன ஆச்சு?”

“அதை ஏன் கேட்கறீங்க? ஒரு வாரமா எழுந்திருக்கவே மாட்டேங்கறார். காலை மடக்கினா எந்தப் பக்கம் போகுமோன்னு பயமாம். வீட்டு வேலையெல்லாம் என் தலையில. உட்காருங்க, தண்ணி வெச்சிருக்கேன், டீ போடறேன்.”

“டீ வேண்டாம் அத்தை. இன்னும் ஒரே ஒரு கெட்டில், வரலை. அது வரலைன்னா, என் வேலை போச்சு. இன்னொண்ணு எழுதுங்க. இந்தத் தடவை, முழங்கை, கழுத்து, எது வேணாலும் மடங்கட்டும்.”

“கழுத்தா?” மாமியாருக்கு முகம் மலர்ந்தது. “கழுத்து நல்லா ஓடும். இருங்க.” அவள் எழுத ஆரம்பித்தாள். ஆச்சரியக்குறிகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கமா மூக்கை உறிஞ்சினான். “அத்தை, ஏதோ கருகற வாசனை வருதே?”

“பக்கத்து வீட்டுக்காரிக்கு இதே வேலை. தினமும் எதையாவது தீய்ப்பா.”

மாமனார் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு நீட்டிய காலை அசைக்காமல், கையை மட்டும் தூக்கிச் சமையலறையைக் காட்டினார்.

கமா பாய்ந்து உள்ளே போனான். மேடை மேல் பச்சையும் சிவப்புமாக ஸ்வெட்டர் போட்ட ஏதோ ஒன்று புகைந்துகொண்டு நின்றது. பிளக்கைப் பிடுங்கினான். ஈரத்துணியால் அமுக்கினான். கருகிய ஸ்வெட்டரை இழுத்துப் போட்டால், உள்ளே வெள்ளைக் கெட்டில்! அடிப்பாகம் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் நெற்றியில் அவன் கம்பெனியின் பெயர்.

வேலை தப்பியது, வீடு தப்பியது, மாமனார் மாமியார் உயிரோடு இருக்கிறார்கள். அழுகை வேறு வந்தது. கெட்டிலைத் துணியோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

“அத்தை! இது, எங்க கம்பெனி கெட்டில்!”

மாமியார் கொஞ்சம் நெளிந்தாள். “ஆமா, வாங்கினேன். பார்க்க நல்லா இருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா தலைக்கனம் வந்துடுமேன்னுதான் ஸ்வெட்டர் போட்டு வெச்சேன். இது ஒரு குத்தமா?”

“ஊரே பயந்து கொண்டாந்து குடுத்துச்சே அத்தை! ஃபிரிட்ஜைக்கூடக் குடுத்தாங்களே! அந்த மெசேஜைப் பார்த்த பிறகும் நீங்க ஏன் குடுக்கலை?”

மாமியார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“என்ன மாப்பிள்ளை, ஆபீஸ் போற ஆளு, எது நிஜம் எது புரளின்னுகூடத் தெரியலையே உங்களுக்கு? அதை எழுதினதே நான்தானே!”